எட்டில் ஒரு பங்கு வெள்ளி
தபால் தலை உலா – 17

உறைக்குள் தலைகளை எப்படி அடுக்குவது, நம் வடசென்னைக் கடற்காற்றின் ஈரம் அவற்றின் கோந்தில் ஏறாமல் எப்படிக் காப்பது என்பவற்றைச் சென்ற வாரம் எழுதினேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்த உறைக்கு எந்தக் கட்டணம் பொருந்தும், அதிலும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிற உறைக்கு எது பொருந்தும் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் திருவொற்றியூர் வாசகர் ஒருவர் எழுப்பியிருக்கும் சந்தேகத்துக்கு முதலில் சமாதானம் சொல்லியாக வேண்டும்.

"ஐயா, தபால் தலை என்பது அச்சடித்த காகிதந்தானே? அதைப் புத்தகக் கட்டணத்தில் அனுப்பினால் செலவு குறையுமே?" என்று அவர் கேட்கிறார். காகிதம் என்பதும் உண்மை, அச்சடித்தது என்பதும் உண்மை. ஆயினும் தபால் சட்டம் ஒரு பொருள் எதனால் ஆயிற்று என்று மட்டும் பார்ப்பதில்லை, அது எதற்கு ஈடாக நிற்கக்கூடியது என்றும் பார்க்கிறது. 1874இல் பெர்ன் நகரத்து உடன்படிக்கையால் பிறந்ததும், 1876 ஜூலை முதல் இந்தியாவும் அங்கம் வகிப்பதுமான சர்வதேசத் தபால் ஒன்றியம், அச்சுத்தாள் என்ற சலுகை வகுப்பில் தபால் தலைகளைச் சேர்க்கலாகாது என்றும், முத்திரை விழுந்தவையாயினும் விழாதவையாயினும் விதி ஒன்றே என்றும் வகுத்திருக்கிறது. அத்தனை தலைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, இது செலவழிந்தது, இது செலவழியாதது என்று பிரித்துப் பார்க்க எந்தக் குமாஸ்தாவுக்கு அவகாசம் உண்டு? விதி கடுமையாகத் தோன்றினாலும் நியாயமானதே என்பது என் அபிப்பிராயம். உள்நாட்டிலோ, 2025 மே மாதம் முதல் தேதியன்று தொடங்கிய ஞான் போஸ்ட் என்ற புத்தகத் தபால் சேவை, 300 கிராம் வரை இருபது ரூபாய் என்ற மலிவோடு வந்திருந்தாலும், கல்வி சம்பந்தமான நூல்களுக்கு உரியது. சேகரிப்பாளர் அதன் வாசலில் நிற்பதில் பிரயோஜனமில்லை. தலைகளைப் பற்றிய புத்தகம் வேறு, தலைகள் வேறு.

ஆகவே உள்நாட்டில் நமக்கு மிஞ்சுவது கடித வகுப்பு. இருபது கிராமுக்கு ஐந்து ரூபாய். மிகுதியாகக் கிடக்கும் சாதாரணத் தலைகளைச் சிநேகிதருக்கு அனுப்ப இதுவே போதும். ஆனால் அனுப்பியதற்கு அத்தாட்சி இராது. அத்தாட்சிக்காக நாம் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்த பதிவுத் தபால், 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பதிவு வேண்டுவோர் இப்போது ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அதன்மேல் ஐந்து ரூபாயும் வரியும் கொடுத்து, குறிப்பிட்ட விலாசதாரர் கையிலேயே சேரும்படி செய்துகொள்ளலாம். அவ்வாண்டு அக்டோபரில் நிர்ணயமான அட்டவணைப்படி ஐம்பது கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். ராயபுரத்தில் போடும் உறை காஞ்சிபுரம் போனாலும் குவாஹாட்டி போனாலும் அதே 47.

தூரத்தைப் பொருட்படுத்தாத இந்த ஒரே கட்டணம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான், இந்த வாரம் முழுவதும் என் மனத்தைவிட்டு அகலாத விஷயம் ஒன்று அகப்பட்டது.

1837ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி தபால் கூலி தூரத்தைப் பொறுத்தது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக் கடிதத்துக்கு ஒரு ரூபாய், ஆக்ராவுக்குப் பன்னிரண்டு அணா. 1854 அக்டோபர் முதல் தேதி இந்த முறை ஒழிந்து, தேசமெங்கும் செல்லும் தபால் தலைகளும் எடையை மட்டுமே பார்க்கும் கட்டணமும் ஒருங்கே வந்தன. கால் தோலாவுக்கு அரை அணா, அரைத் தோலாவுக்கு ஒரு அணா, ஒரு தோலாவுக்கு இரண்டு அணா. தலை ஒட்டாத கடிதத்துக்குப் பெறுபவர் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் சேகரிப்பாளர் பலருக்குத் தெரிந்ததே. ஆனால் தோலா என்பது என்ன? அது ஒரு வெள்ளி ரூபாயின் எடை, 180 கிரெயின். அந்த 180 கிரெயின் ரூபாயைச் சென்னை ராஜதானி 1818லேயே தன் நாணயமாகக் கொண்டிருந்தது. பிற்பாடு 1833இல் தோலாவுக்கும் 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பொது ரூபாய்க்கும் அதே எடை விதிக்கப்பட்டது. எட்டணா நாணயம் சரியாக அரைத் தோலா, நாலணா நாணயம் சரியாகக் கால் தோலா. தராசு உள்ள எவரும், படிக்கல் எதையும் தேடாமல், ஒரு தட்டில் கடிதத்தையும் மறு தட்டில் நாலணாக் காசையும் இட்டு, காசுத் தட்டு மேலெழாவிட்டால் அரை அணாத் தலையை ஒட்டித் தபாலில் சேர்த்துவிடலாம்!

இதோடு நிற்கவில்லை. நாலணாக் காசின் எடைக்கு அரை அணா, எட்டணாக் காசின் எடைக்கு ஓர் அணா, ரூபாய் எடைக்கு இரண்டு அணா என்று கணக்கிட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும், கடிதத்துக்குச் சமமாகத் தட்டில் ஏறிய வெள்ளிக்காசின் மதிப்பில் எட்டில் ஒரு பங்கே கூலி. படித்தவர்கள் குறைந்திருந்த காலத்தில், அட்டவணையை வாசிக்கத் தெரியாதவரும் கையில் உள்ள காசைக் கொண்டே தாம் கொடுக்க வேண்டியது இவ்வளவு என்று தெரிந்துகொள்ளக்கூடிய கட்டணத்தைவிடச் செம்மையான கட்டணம் வேறொன்று இருந்ததாக நான் அறியேன். அந்தக் காசுகளை அடித்த சாலைகளில் ஒன்று, ராயபுரத்துக்கு அண்டையிலுள்ள தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்து 1869 வரை நடந்த சென்னை நாணயசாலை. அரை அணாத் தலை வந்த இரண்டாம் ஆண்டில், 1856 ஜூலையில், ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ரயில் ஓடத் தொடங்கிற்று. தூரத்துக்குக் கூலி கேட்பதில்லை என்று தபால் தீர்மானித்த பிறகே தூரத்தைச் சுருக்கும் வண்டி இங்கே வந்தது என்ற வரிசை எனக்கு அளவற்ற மகிழ்ச்சி தருகிறது.

திருவொற்றியூர் நண்பர் இதனால் தமக்கு என்ன ஆதாயம் என்று கேட்கலாம். ஆதாயம் உண்டு. இன்றைய ஸ்பீடு போஸ்டில் 1854இன் தர்மம் ஐம்பது கிராம் வரைதான் உயிரோடிருக்கிறது. அதைத் தாண்டினால் 1837இன் தூரக் கணக்கு மீண்டும் தலைகாட்டுகிறது. 51 முதல் 250 கிராம் வரையுள்ள உறைக்கு இருநூறு கிலோமீட்டருக்குள் 59 ரூபாய், இரண்டாயிரத்துக்கு மேல் 77 ரூபாய். ஆகையால் கிளாசின் காகித உறையும், வளையாத இரண்டு அட்டைகளும், தலைகளும் சேர்ந்து ஐம்பது கிராமுக்குள் அடங்கும்படி கட்டுவதே சேகரிப்பாளரின் சாமர்த்தியம்; கனத்த ஆல்பத்தோடு அனுப்புவது வீண் செலவு. விலையுயர்ந்த தலையாயின் காப்பீடும் செய்துவிட வேண்டும். பதிவு, சரியான கையில் சேர்ப்பிப்பதற்கே உதவும். வழியில் தொலைந்தால் உள்ளிருந்த தலையின் மதிப்பைத் தருவது காப்பீடுதான். 47 ரூபாயோடு திருப்தியடைந்து காப்பீட்டை விட்டுவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

வெளிநாட்டுக்கு இந்த வாரம் இடமில்லை. ஆசிரியர் பக்கத்தைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். நம் துறைமுகத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக 1926 முதல் 1973 வரை போய்வந்த 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னாலே ராயபுரத்துப் பெரியவர்களின் முகம் மலரும். அக்கரையிலிருந்து வந்த உறைகளின் மலாயாத் தலைகளைச் சேர்த்தே இப்பக்கத்துச் சேகரங்கள் பல தொடங்கின. அந்தத் தலைகள் இன்று திரும்பப் பயணம் போகும்போது எடைக்கு முன்னால் சுங்கத்தைக் கடக்க வேண்டும். உலக நாடுகள் பொதுவாகக் கையாளும் சுங்க அட்டவணையில், இன்னும் செல்லுபடியாகும் புதுத் தலை 4907 என்ற இனத்தில் புத்தகங்களோடும் பத்திரிகைகளோடும் ஒரே அத்தியாயத்தில் இருக்கிறது. முத்திரை விழுந்த பழைய தலையோ 9704 என்ற இனத்தில் ஓவியங்களோடும் பழம்பொருள்களோடும் வீற்றிருக்கிறது. தபால்காரர் புத்தகம் என்று ஏற்க மறுத்ததைச் சுங்கத்தார் புத்தகங்களின் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்! ஒரே உறையில் இரண்டு வகைத் தலைகளும் இருந்தால் விவரச்சீட்டை எப்படி நிரப்புவது என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்.

(தொடரும்)