திறமை இரத்தத்தில் வருவதா?

தோட்டத்து விளையாட்டுப் போட்டி முடிந்ததும் லயத்துப் பக்கம் ஒரு பேச்சு கேட்கும்: "அவன் ஓடாம என்ன செய்வான், அவங்க அப்பா பெரிய ஓட்டக்காரராச்சே!" தோற்ற பிள்ளைக்கும் ஒரு பேச்சு உண்டு: "நம்ம குடும்பத்துல யாரு ஓடியிருக்கா?" இந்த இரண்டாவது பேச்சுதான் எங்களுக்குக் கவலை தருகிறது.

உடல்வாகு பெற்றோரிடமிருந்து வருவது உண்மையே. உயரத்திலும் தசையின் தன்மையிலும் பரம்பரையலகுகளுக்குப் பெரும் பங்குண்டு. வேகமாய்ச் சுருங்கும் தசைநாரில் 'அல்பா அக்டினின் 3' என்றொரு புரதம் இருக்கிறது. உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது உடலில் உண்டாவதேயில்லை. அதனால் நோய் ஒன்றுமில்லை. ஆனால் உலகத்தரமான குறுந்தூர ஓட்டக்காரர்களில் அப்படிப்பட்டவர்களைக் காண்பது அரிது. சரி, அந்தப் புரதம் உள்ள மற்ற நாலு பேரும் ஓட்ட வீரர்களா? இல்லையே!

நமது முத்தையா முரளிதரனைப் பாருங்கள். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தகப்பனார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். முரளியின் முழங்கை முழுதாய் நீட்ட முடியாதபடி பிறவியிலேயே வளைந்திருந்தது. மணிக்கட்டோ எப்படியும் வளைந்து கொடுத்தது. இதெல்லாம் பிறப்பில் வந்தது. ஆனாலும் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் முதலில் போட்டது மிதவேகப் பந்துதான். 14 வயதில் பயிற்றுநர் சொல்லித்தான் சுழற்பந்துக்கு மாறினார். 2010இல் காலி மைதானத்தில் 800ஆவது டெஸ்ட் விக்கட்டை எடுத்தார். மைதானமும் பயிற்றுநரும் கிடைக்காதிருந்தால் அந்த மணிக்கட்டு என்னவாகியிருக்கும்?

கலையிலும் இப்படித்தான். தப்பு அடிப்பவர் வீட்டுப் பிள்ளை சிறுவயதிலேயே தாளம் போடுகிறது. அது இரத்தமா, காதா? பிறக்குமுன்பே, தாய் வயிற்றிலேயே பிள்ளைக்கு ஓசை கேட்கிறது. பிறகு காமன் கூத்து, திருவிழா என்று வருடாவருடம் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகுகிறது. "அது அவங்க சாதிக்கே வரும்" என்று தள்ளிவைப்பது சரியல்ல. அடுத்த லயத்துப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அதுவும் படிக்கும். பொம்பளைப் பிள்ளையும் படிக்கும்.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாடு முழுதும் பார்த்தால் 17 பேர்தான். "நம்ம பரம்பரையே குட்டை" என்று இதைத் தட்டிவிட முடியாது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் சாப்பாடு குறைந்தால், பெற்றோர் வழி வரவேண்டிய உயரமும் வந்து சேராது. ஆகையால் கிளினிக்கில் திரிபோஷா கொடுத்தால் அதை வீட்டில் எல்லோரும் பங்குபோட வேண்டாம். மாசமான தாய்க்கும் மெலிந்த பிள்ளைக்கும் என்று கொடுத்ததை அவர்களே சாப்பிடட்டும்.