260 கிலோமீட்டர், 31 நிமிஷம்: என் கோடு எங்கே தப்பு பண்ணுச்சு?

இன்னைக்கு ஒரு சின்ன கேள்வி. திருப்பதி விமான நிலையத்துக்கும் சேலம் விமான நிலையத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

ஒரு வார இறுதியில நான் ஒரு ஆப் எழுதினேன். எந்த ரெண்டு விமான நிலையத்தைக் கொடுத்தாலும் அது தூரமும் நேரமும் சொல்லும். உள்ளே இருக்கிறது ஹேவர்சைன் சூத்திரம்தான். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரம் உள்ள உருண்டையா வச்சுக்கிட்டு, ரெண்டு இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிடும். திருப்பதி – சேலம் சுமார் 260 கிலோமீட்டர் வந்துச்சு. சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் 72 விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வகுத்தா 31 நிமிஷம். நானும் "பயண நேரம்: 31 நிமிஷம்"னு போட்டுட்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற என் சித்தப்பா பையனுக்கு ஒரு நாள் காலை 11 மணிக்கு ஓமலூர்ல இருந்து போன். அப்பாவுக்கு சாயங்காலம் அவசர ஆபரேஷன். சேலம் விமான நிலையமே ஓமலூர் பக்கம் காமலாபுரத்துலதான் இருக்கு. சென்னையிலிருந்து சேலத்துக்கு 2023 அக்டோபர்ல மறுபடி ஆரம்பிச்ச விமான சேவை உண்டு. ஆனா அன்னைக்கு விமானம் கிளம்பிப் போயிருந்துச்சு. என் ஆப்பைப் பார்த்தவன், கார் பிடிச்சு திருப்பதிக்குக் கிளம்பிட்டான். சத்தியவேடு தாண்டி டிக்கெட் தேடினப்போதான் தெரிஞ்சது, திருப்பதியிலிருந்து சேலத்துக்கு நேரடி விமானமே இல்லை.

இங்கேதான் விஷயம். சூத்திரத்துக்கு ரெண்டு புள்ளி போதும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவுல விமானம் ஓடுதா, இல்லையான்னு அதுக்குத் தெரியாது. கேட்டா எப்பவும் ஒரு எண் வரும்.

சரி, விமானம் இருந்தாலும் 31 நிமிஷம் ஆகுமா? ஆகாது. 500 கிலோமீட்டர் வேகம் உயரத்துல போன பிறகு வர்றது. ஓடுபாதை வரை ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறது, ஓடுபாதைக்கு நேரா வளைஞ்சு வர்றது எல்லாத்துக்கும் நேரம் வேணும். இதுக்காகத்தான் விமான நிறுவனங்கள் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, மறுபடி நிற்கும் வரை உள்ள நேரத்தை அட்டவணையில போடுறாங்க. குறைஞ்சது இன்னொரு 20, 30 நிமிஷம் சேரும்.

அடுத்தது தரை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ரேணிகுண்டாவுல இருக்கிற திருப்பதி விமான நிலையம் நேர்கோட்டுல சுமார் 66 கிலோமீட்டர்தான். ஆனா நடுவுல நாகலாபுரம் மலை. ரோடு சுத்திப் போகும். ரெண்டு மணி நேரம் எடுத்துக்கும். அப்புறம் செக்-இன், பாதுகாப்புச் சோதனை.

அவன் நேரா லோக்கல் ட்ரெயின் ஏறி சென்ட்ரல் போயிருந்தா, மதியம் கிளம்புற கோவை வந்தே பாரத்தைப் பிடிச்சிருக்கலாம். சேலத்துக்கு மூன்றரை மணி நேரம் மாதிரிதான். திரும்பி வந்து அடுத்த வண்டியைப் பிடிச்சவன் போய்ச் சேர்ந்தது ராத்திரி. ஆபரேஷன் முடிஞ்சிருந்தது. சித்தப்பா இப்போ நல்லா இருக்கார். ஆனா உள்ளே கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி மூணு தடவை பையனைக் கேட்டாராம்.

அன்னைக்கு ராத்திரியே கோடை மாத்தினேன். தூரம் இருக்கும், பக்கத்துலயே "நேர்கோட்டில்"னு எழுதியிருக்கும். நேரடி சேவை இல்லைன்னா, நேரம்ங்கிற இடம் காலியா இருக்கும். நீங்களும் இப்படி ஒரு எண்ணைப் பார்த்தா முதல்ல கேளுங்க: இந்த வழியில வண்டி ஓடுதா?