குருதியில் நேர்ந்த எழுத்துப்பிழை

பெங்களூரு மாநகரின் நடுவே அமைந்தது சிவாஜிநகர். ரசல் சந்தை, தூய மரியன்னை பேராலயம், ஓய்வின்றிப் பேருந்துகள் வந்து செல்லும் நிலையம் எனப் பரபரப்பு மிக்க அப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பௌரிங் மருத்துவமனையும் அங்கேதான் உள்ளது.

விட்டு விட்டு வரும் காய்ச்சல், நீங்காத சோர்வு, அடிபடாமலே உடலில் தோன்றும் கன்றிய தடங்கள் ஆகிய குறிகளுடன் ஒரு குழந்தை வந்தால், மருத்துவர் முதலில் குருதியைச் சோதிக்கச் சொல்வார். ஐயம் எழுமாயின், நகரின் தென்பகுதியில் 1973 முதல் இயங்கிவரும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் போன்ற சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்புவார். அங்கே 'இரத்தப் புற்றுநோய்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் பெற்றோர் நெஞ்சில் மூன்று வினாக்கள் எழுகின்றன. இந்நோய் ஏன் வந்தது? பிறருக்குத் தொற்றுமா? குணமாகுமா? இவற்றிற்கு அறிவியல் தெளிவான விடைகளைக் கண்டுள்ளது.

ஏன் வந்தது?

நம் எலும்புகளின் உள்ளே உள்ள மென்மையான பகுதி எலும்பு மஜ்ஜை எனப்படும். குருதியணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. ஒவ்வோர் அணுவும் எவ்வாறு வளர வேண்டும், எப்போது பெருக்கத்தை நிறுத்த வேண்டும் என்னும் கட்டளைகள் மரபணுக்களில் எழுதப்பட்டுள்ளன. அம்மரபணுக்களைத் தாங்கியவை 46 குரோமோசோம்கள்.

முற்காலத்தில் பனையோலைச் சுவடிகளைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தனர். எவ்வளவு கவனமாக எழுதினாலும் சில இடங்களில் பிழை நேர்ந்தது. ஓர் அணு இரண்டாகப் பிரியும்போதும் அதன் கட்டளைகள் முழுவதும் இவ்வாறே படியெடுக்கப்படுகின்றன. அப்போது நேரும் பிழைகளுள் பெரும்பாலானவற்றை உடலே திருத்திக்கொள்கிறது. திருத்தப்படாத பிழை பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் அமைந்துவிட்டால், அவ்வணு நிற்காமல் பெருகத் தொடங்கும். முதிராத வெள்ளணுக்கள் மஜ்ஜையை நிறைத்து, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இதுவே இரத்தப் புற்றுநோய்.

இவ்வுண்மை படிப்படியாகவே வெளிப்பட்டது. 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு ஆகிய இருவரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயாளரின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குறுகியிருப்பதைக் கண்டனர். 1973-இல் ஜேனட் ரௌலி என்னும் பெண் அறிஞர் அதன் காரணத்தை விளக்கினார். 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தன. இரு சுவடிகளின் கடைசி ஏடுகள் மாற்றிக் கோக்கப்பட்டதைப் போன்றது அது.

இத்தகைய பிழைகள் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருபவை அல்ல. ஒருவரது குருதியணுவில் தற்செயலாக நேர்பவை. ஆகவே, இந்நோய் யாருடைய தீவினைப் பயனும் அன்று, கண்ணேறும் அன்று. தாயோ தந்தையோ தம்மைத் தாமே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

பிறருக்குத் தொற்றுமா?

தொற்றாது. நோயுற்ற குழந்தையுடன் பேசுவதாலோ, அருகில் அமர்வதாலோ, சேர்ந்து உண்பதாலோ இந்நோய் பரவுவதில்லை. ஆனால், சிகிச்சையின்போது அக்குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துவிடும். ஆகவே நம்மிடம் உள்ள சளியும் காய்ச்சலும்தாம் அக்குழந்தைக்குத் தொற்றக்கூடும். அக்குழந்தை முகக்கவசம் அணிவது தன்னைக் காத்துக்கொள்வதற்கே. இதனை அறியாதவர் அஞ்சி விலகுகின்றனர். அறிந்தவர் கைகழுவிவிட்டு அருகில் செல்கின்றனர்.

குணமாகுமா?

பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்கா சென்ற அவரது தலைமையில் உருவான மருந்துகளைக் கொண்டு, சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சில காலம் அடக்கிக் காட்டினார். அம்முடிவுகள் 1948-இல் வெளியாயின. அவ்வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. ரௌலி கண்ட பிழையால் உண்டாகும் கேடான புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் வகையில், சிறந்த சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும் நாடுகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் நலம் பெறுகின்றனர். எனினும் அச்சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்வது. செலவாலும் சோர்வாலும் தனிமையாலும் இடையிலேயே சிகிச்சையைக் கைவிடும் குடும்பங்கள் உண்டு. மருந்து இருந்தும் உயிர் இழக்கப்படும் அந்நிலையைத் தடுப்பதில் மன ஆதரவுக்குப் பெரும்பங்கு உண்டு.

துணைநிற்றல்

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அதனைத் தம் வாழ்வாகவே கொண்டு வளர்த்தவர் மருத்துவர் வி. சாந்தா. நோயாளரின் மனநலத்திற்கெனத் தனித்துறையே இன்று அந்நிறுவனத்தில் உள்ளது.

மருத்துவர் செய்வது ஒரு பங்கு. சுற்றத்தார் செய்வது மற்றொரு பங்கு. முடி உதிர்ந்த தோழனைக் கண்டு வியவாமல் முன்போலவே பேசலாம். அவன் வராத நாள்களின் பாடங்களை எழுதிக் கொடுக்கலாம். "எல்லாம் சரியாகிவிடும்" என்று விரைந்து சொல்வதைவிட, அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது நன்று. எல்லை கடந்து தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குச் சிகிச்சைக்காக வருவோர் பலர். கன்னடம் அறியாத ஒரு தாய்க்கு, மருத்துவமனை வாயிலில் தமிழில் கேட்கும் "வாங்க அம்மா, இப்படி உட்காருங்க" என்னும் சொற்களே பெரிய ஆறுதல். இரு மொழியும் அறிந்த சிவாஜிநகர்ச் சிறுவர்களால் எளிதில் செய்யக்கூடிய உதவி இது. மனம் தளர்ந்தோர் 14416 என்னும் எண்ணில் 'டெலி மானஸ்' அரசு மனநல உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம்.

அணுவில் நேர்ந்த பிழையைத் திருத்த மருந்து உண்டு. நோயுற்றவரை ஒதுக்கும் பிழையைத் திருத்த வேண்டியவர்கள் நாமே.

சிந்தித்து விடையளிப்போம்

1. மரபணுப் பிழை எதனோடு ஒப்பிடப்பட்டுள்ளது? அவ்வொப்புமை பொருந்துவது எவ்வாறு?
2. நோயுற்ற குழந்தை முகக்கவசம் அணிவது ஏன்?
3. நீண்ட நாள் பள்ளிக்கு வர இயலாத உன் தோழனுக்கோ தோழிக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதுக.