மனை வாங்குமுன் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்!

முகப்பேரில் 'ஏரி ஸ்கீம்' என்றொரு பகுதி இருக்கிறது. ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் முகவரியில் மிஞ்சியிருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் முழுக்க ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும்தான். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போக வேண்டும். நடுவில் யாராவது வாய்க்காலைத் தூர்த்துவிட்டால் அந்தத் தண்ணீர் தெருவுக்குள் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே மிதந்தது.

வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும்?

பட்டா மட்டும் போதாது

சர்வே எண்ணுக்கான புலப்படத்தை (எஃப்.எம்.பி.) வாங்கிப் பாருங்கள். வாய்க்கால் ஓடினால் அதில் கோடு இருக்கும். அ-பதிவேட்டில் 'ஏரி', 'வாய்க்கால்', 'நீர்நிலைப் புறம்போக்கு' என்று இருந்தால் அந்த மனையே வேண்டாம். அனுமதியில்லாத மனைகளுக்காக 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம்கூட நீர்நிலையில் உள்ள மனைகளுக்குப் பொருந்தாது. பொதுப்பணித் துறை ஏரிகளில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச்சட்டமே வந்துவிட்டது.

தடையின்மைச் சான்று எங்கே?

ஏரி, கால்வாயை ஒட்டிய மனைப்பிரிவு என்றால், வெள்ளம் தேங்குமா என்று நீர்வளத் துறை ஆய்வு செய்து சான்று தரும். தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும், வடிகால் எப்படி அமைய வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். 'சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு' என்று புரமோட்டர் சொன்னால், அந்தச் சான்றின் நகலையும் கேளுங்கள். நிபந்தனைப்படி வடிகால் கட்டியிருக்கிறார்களா என்று நேரில் பாருங்கள்.

மண் கொட்டும்போது…

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர் தண்ணீர். கிட்டத்தட்ட இரண்டு டேங்கர் லாரி! மனையை உயர்த்தி, வாசல்வரை சிமென்ட் போட்டுவிட்டால் அத்தனையும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். அடுத்த ஆண்டு அவர் மண் கொட்டுவார். தண்ணீர் உங்களிடம் திரும்பும். மனை முழுவதையும் உயர்த்தாமல், வீட்டின் அடித்தளத்தை மட்டும் உயர்த்தி, சுற்றிலும் கொஞ்சம் மண்தரையை விட்டுவையுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பெயருக்கு ஒரு குழி தோண்டினால் பயனில்லை. ஜல்லி, மணலை ஆண்டுதோறும் மழைக்கு முன் எடுத்துக் கழுவிப் போட வேண்டும். கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் இணைப்பது குற்றம். அடைப்புக்கும் நாற்றத்துக்கும் அதுவே முக்கியக் காரணம். அம்பத்தூர் மண்டலத்தில் வடிகால் அடைத்திருந்தால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. புரோக்கர் மனை காட்டக் கூப்பிடுவது பெரும்பாலும் நல்ல வெயிலில்தான். நீங்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்குமுன் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருநாள் போய் வாருங்கள். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம், "இங்கே எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று கேளுங்கள். சுவரைத் தொட்டுக் காட்டுவார்.