சந்தை நாளில் ஜாஸ் கேட்டேன்

ஜாஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்குப் பழைய சினிமாவில் வில்லன் நுழையும் கிளப் காட்சிதான். சிகரெட் புகை, குட்டைப் பாவாடை, காதைத் துளைக்கும் எக்காளம். அதற்கு மேல் அந்தச் சங்கீதத்தில் ஒன்றும் கிடையாது என்று அறுபது வயது வரையில் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

நிம்மதியைக் குலைத்தவன் என் அண்ணன் மகன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் சந்தை. விடிவதற்கு முன்பே ஆடுகளின் கத்தலும், விலை பேசுகிறவர்களின் கத்தலுமாகத் தெரு அமளிப்படும். "தலை வலிக்குதுடா" என்றேன். "இதைக் கேட்டுப் பாருங்க அத்தே" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டான்.

அது 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம். 1975ஆம் வருஷம் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியை அப்படியே பதிவு செய்து, 1976இல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். கித்தார் வாசித்த ஜான் மெக்லாஃப்ளின் இங்கிலாந்துக்காரர். அமெரிக்க ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் வாசித்துப் பெயர் எடுத்தவர். மற்றவர்கள் யார் தெரியுமா? வயலின் எல். சங்கர், தபேலா ஜாகீர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். நம் வீட்டு மனிதர்கள் நாலு பேருக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது!

முதல் பாட்டு 18 நிமிஷம். கித்தாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. கடம் பின்னாலிருந்து இரண்டையும் அதட்டுகிறது. ரேழியில் உட்கார்ந்திருந்த நான் என்னை அறியாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தேனாம். பையன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான், துஷ்டன். மூன்றாவது பாட்டு அரை மணிக்குச் சற்றுக் குறைவு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அதன் நடுவே எழுந்து போய் ரசம் வைத்து இறக்கிவிட்டேன். திரும்பி வந்தபோதும் அவர்கள் விட்ட இடத்திலேயே இருந்தார்கள்.

மெக்லாஃப்ளின் சும்மா வந்து கலந்துகொண்டவர் அல்ல. எஸ். ராமநாதனிடம் முறையாக வீணை கற்றுக்கொண்டவர். வீணையின் கமகம் கித்தாரில் வரவேண்டும் என்று அதன் கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்க வைத்தார். பல வருஷம் கழித்து 2023இல் இதே 'சக்தி' பெயரில் ஒரு புது ஆல்பம் வந்தது. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும், பாடகர் சங்கர் மகாதேவனும் இருக்கிறார்கள். 2024இல் கிராமி பரிசும் வாங்கியது. பரிசு கொடுத்தவர்கள் என்னைக் கேட்டிருந்தால் பழையதற்குத்தான் கொடுக்கச் சொல்லியிருப்பேன். புதியதில் மெருகு அதிகம். பழையதில் வேர்வை இருக்கிறது.

அடுத்து மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. உலகமெல்லாம் கொண்டாடும் தட்டு. வாசித்தவர்களுக்கு முழுப் பாட்டையும் எழுதிக் கொடுக்காமல், இன்னின்ன ஸ்வரங்கள் என்று கோடு மட்டும் காட்டிவிட்டு வாசிக்கச் சொன்னாராம். நமக்கு இதில் என்ன ஆச்சரியம்? ஆலாபனை செய்கிற வித்வானுக்கு யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு என்னவோ மழை நாளில் ஜன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அந்த உணர்ச்சியை நான் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆனால் ஆலிஸ் கோல்ட்ரேன் விஷயம் வேறு. இவருடைய கணவர் ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோன் சக்கரவர்த்தி, 1967இல் காலமாகிவிட்டார். வீட்டில் சின்னச் சின்னக் குழந்தைகள். கணவர் ஆசையாகச் சொல்லி வைத்திருந்த ஹார்ப் வாத்தியம், அவர் போன பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று சொல்கிறார்கள். அந்தத் துக்கத்தில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். யார்? கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர்! 1971இல் வந்த ஆல்பத்துக்குக் குருவின் பெயரையே வைத்துவிட்டார் அந்த அம்மாள். தம்புரா சுருதி கூட்ட, அதன் மேல் ஹார்ப் தண்ணீர் மாதிரி வழிகிறது. அந்தத் தட்டை மட்டும் நான் இதுவரை எத்தனை தரம் கேட்டேன் என்று கணக்கில்லை. என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

ஹிப் ஹாப்புக்கு வருகிறேன். "இது பேச்சா, பாட்டா?" என்றுதான் முதலில் கேட்டேன். நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்கிற ஏழைப் பேட்டையில், 1973 ஆகஸ்டில், ஒரு பெண் பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக விருந்து வைத்தாள். அவள் அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினான். பாட்டில் தாளம் மட்டும் தனித்து வருகிற இடத்தையே இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டினான். ஹிப் ஹாப்பின் பிறந்த நாள் அதுதான் என்கிறார்கள். பள்ளிக்கூடத் துணிக்குக் காசு தேடிப் பிறந்த சங்கீதத்தை நாம் எப்படி வெறுப்பது?

தமிழில் இதற்குப் பெரிய வாசலைத் திறந்தவர்கள் மலேசியப் பிள்ளைகள். யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' கேட்டேன். சுறுசுறுப்பு இருக்கிறது, உச்சரிப்பு சுத்தம். ஆனால் "நான் பெரியவன், நான் பெரியவன்" என்கிற தோரணை கொஞ்சம் தூக்கல். கல்யாண வீட்டு மாமாக்களிடம் நான் கேட்காத பெருமையா?

பிறகு பையன் 'தெருக்குரல்' போட்டான். 2019இல் வந்தது. எழுதிப் பாடியவர் அறிவு, இசை ஆஃப்ரோ. அறிவு நம் பழைய வட ஆற்காடு ஜில்லாக்காரர்தான்; அரக்கோணம். 2021இல் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியை நினைத்து 'எஞ்சாயி எஞ்சாமி' பாடியவர் என்றால் உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு உடனே தெரியும். இந்த ஆல்பத்தில் அவ்வளவு குழைவு கிடையாது, கோபம்தான். சில இடங்களில் கோபம் தாளத்தைத் தாண்டி ஓடுகிறது, அதைக் குறையாகவே சொல்லுவேன். ஆனால் அதில் ஒரு பாட்டின் பெயர் 'கள்ள மௌனி'. பாட்டைக் கேட்கும் முன்பே அந்தப் பெயர் என்னைச் சுருக்கென்று குத்திவிட்டது.

காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்தேழு வருஷம் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்தவர். கை வெந்து வெந்து ரேகையே போய்விட்டது. கோயில் திருவிழாவில் மிருதங்கம் கேட்டால், "வலந்தலையிலே ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும், இடந்தலையிலே எருமை; நாங்க இல்லாம இந்தக் கச்சேரி ஏது?" என்று சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதரின் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியவள் நான். அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மகள் இன்று சென்னையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் மாமியார் வீட்டில் இன்றைக்கும் அவர் 'தோல் வியாபாரி'தான்.

அன்று ராத்திரி மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா என்ன வேலை செய்தாருன்னு மாப்பிள்ளைக்காவது சொல்லியிருக்கியாம்மா?" என்று கேட்டேன். வெகு நேரம் பதில் இல்லை. "இப்ப எதுக்கும்மா அது?" என்றாள் கடைசியில்.

பொங்கலுக்கு மாப்பிள்ளையோடு வருகிறாள். அந்த ஆல்பத்தை அழிக்காமல் வைத்திருக்கும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் 'சக்தி'யைப் போட்டுக் காட்டிவிட்டு அப்புறம் அதைப் போடலாமா, அல்லது நேரே அதையே போட்டுவிடலாமா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.