பாதிக்கப்பட்டவரின் ஒரு நாள் கூலி யார் கணக்கில்?

குற்றம் செய்தவர் யாரென்று கடைசிவரை தெரியாமலே போனாலும், பாதிக்கப்பட்டவர் அரசிடம் இழப்பீடு கேட்கலாம். எதிரி விடுதலையாகிவிட்டால்கூட, பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கருதினால் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009-ல் சேர்ந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396-ம் பிரிவாகத் தொடர்கிறது. விண்ணப்பத்தை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு 2 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். சட்டத்தில் குழப்பமில்லை. அதைத் தேடிப் போக வேண்டிய தூரத்தில்தான் சிக்கல்.

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பீடி ஊர். வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்து, இலையை அளவாகக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, முனை மடக்கி, கட்டுக் கட்டாக அடுக்கிக் கடையில் எண்ணிக் கொடுத்தால்தான் கணக்கில் கூலி ஏறும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. கை நின்றால் வரவும் நின்றது. பீடி சுற்றும் பெண் ஒருவர் அடிபட்டோ ஏமாற்றப்பட்டோ நிற்கும்போது, மாவட்ட அளவிலான அலுவலகங்களைத் தேடித் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் போக வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. அது பெரிய உதவி. ஆனால் போய் வந்த நாளின் கூலியை யாரும் தருவதில்லை. ‘அதிகாரி இன்று இல்லை, திங்கட்கிழமை வாருங்கள்’ என்ற ஒரு வார்த்தைக்கு இன்னொரு நாள் கூலி போகிறது. ஊரில் நாலு பேரை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லும்போது அந்தப் பெண் தலையாட்டுவதற்கு, பயத்தோடு இந்தக் கணக்கும் காரணம்.

வழி என்ன என்று பார்ப்போம். புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குக் காவல்துறை சொல்லியாக வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

பாலியல் குற்றத்துக்கோ அமில வீச்சுக்கோ ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, உடனே இலவச சிகிச்சை தர வேண்டும். பீடித் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு முக்கூடலில் நடத்தும் மருத்துவமனையும் இதில் சேரும். இந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதி அதன் வாசலில் மாட்டினால் போதும், பலருக்கு உதவும்.

பாதிக்கப்பட்ட பெண்களுக்கென தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018-ல் வகுத்த திட்டத்தில், வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய், உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம் என்று வரையறை இருக்கிறது. கிடைக்கும் தொகையில் 75 விழுக்காடு குறைந்தது 3 ஆண்டு வங்கி வைப்பில் இருக்கும். 25 விழுக்காடுதான் உடனே கைக்கு வரும். பணம் மற்றவர் கையில் கரைந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு இது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைய வாடகைக்கும் மருந்துக்கும் வழியில்லாதவருக்கு, இடைக்கால உதவி சீக்கிரம் வருவதுதான் முக்கியம். முதலுதவி, சிகிச்சைக்கான அந்த உடனடி உதவிக்குக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ சான்று தர வேண்டும். பல நேரம் கதவு இங்கேதான் மூடுகிறது.

காவலரே எதிரியானால்? 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் கோட்டத்துக் காவல் நிலையங்களில் விசாரணைக்கு அழைத்துப்போனவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. சேரன்மகாதேவி சார் ஆட்சியர் விசாரித்தார். பிறகு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி பெ.அமுதா விசாரித்தார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அடித்ததாகச் சொல்லப்படும் நிலையத்திலேயே போய்ச் சான்று வாங்கி வா என்று யாரிடம் சொல்வது?

மனு சுற்றி வரும் பாதையின் கொடுமையை இந்த மாவட்டம் 2017 அக்டோபர் 23-ம் தேதி கண்ணால் பார்த்தது. காசிதர்மத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி, கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தவர், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தத் தீக்குளிப்புக்குப் பின் மனுக் கொடுக்க வருகிறவர்களின் பைகளில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலில் சோதித்தார்கள். மேலே கொடுத்த மனு விசாரணைக்கென்று மறுபடியும் உள்ளூர் நிலையத்துக்கே வரும் பாதையைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும்.

கூலிக் கணக்குக்கு விடை நம் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-ன் 11-ம் விதி, பாதிக்கப்பட்டவர், சாட்சி, அவரைச் சார்ந்தவர் எல்லோருக்கும் விசாரணைக்கு வந்துபோகும் செலவோடு, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படியும் தரச் சொல்கிறது. பெண்ணோ முதியவரோ துணைக்கு ஒருவரை அழைத்து வந்தால் அவருக்கும் உண்டு. 3 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதிப் பள்ளி மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியபோது மாநிலமே திரும்பிப் பார்த்தது, நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழுவும் அமைந்தது. யாரும் திரும்பிப் பார்க்காத வழக்குகளில் இந்தப் படியைக் கேட்டு வாங்கித் தர ஆள் வேண்டும்.

இதே விதியை எல்லாக் குற்றங்களிலும் பாதிக்கப்படுகிற கூலித் தொழிலாளிகளுக்கும் அரசு விரிக்க வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள் பீடிக் கடையில் கூலி பட்டுவாடா நடக்கும் நாளில் அங்கேயே வந்து உட்கார்ந்து விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். ஊர்ப் பெண்கள் ஒருசேரக் கூடும் இடம் அதுதான்.

அதுவரை, எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனைச் சீட்டு, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் நாலையும் ஒரே பையில் வையுங்கள். சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, வன்கொடுமைப் புகாருக்கு 14566. வீட்டிலிருந்தே அழைக்கலாம்.