“வெள்ளி எதுக்கு டீச்சர்?” – புதிதாக வந்தவர்கள் பொருந்திப்போவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் நம் வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து சில புதிய மாணவர்கள் வருகிறார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கும். குடும்பமே கிளம்பி வந்திருக்கும். “புதிதாகக் குடியேறியவர்கள் நம் சமூகத்தோடு ஒன்றிணைய என்ன செய்யலாம்?” என்பது கட்டுரையிலும் வாய்மொழித் தேர்வு உரையாடலிலும் நாம் அடிக்கடி பயிற்சி தரும் தலைப்பு. ஆனால் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் புதிய மாணவனைப் பற்றி யோசிக்காமலேயே அதற்கு விடை எழுதிவிடுகிறோம். இக்கட்டுரை ஆசிரியர்களுக்கும் உதவும், தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

ஒரு வகுப்பில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருச்சியிலிருந்து வந்த ஒரு மாணவன் ஜனவரியில் என் உயர்நிலை ஒன்று வகுப்பில் சேர்ந்தான். முதல் சில வாரங்கள் அவன் வாய் ஓயவே இல்லை. ஓட்டுநர் இல்லாத ரயில், மாடிப் பேருந்து என்று எல்லாமே அவனுக்கு அதிசயம். தமிழ் வகுப்பில் அவன்தான் முதலில் கை தூக்குவான்.

ஒருநாள் கற்றல் பயணத்துக்காக, “நாளைக்கு எல்லாரும் அஞ்சு வெள்ளி கொண்டு வாங்க” என்றேன். அவன் எழுந்து, “வெள்ளி எதுக்கு டீச்சர்? எங்கம்மாகிட்ட கொலுசுதான் இருக்கு” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனுக்கு வெள்ளி என்றால் உலோகம், இல்லாவிட்டால் கிழமை. நமக்கோ அது டாலர்.

அதே வாரத்தில் அவனுடைய கட்டுரையையும் திருத்தினேன். ‘சதவீதம்’, ‘அமைச்சகம்’, ‘லிஃப்ட்’ ஆகிய சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே ‘விழுக்காடு’, ‘அமைச்சு’, ‘மின்தூக்கி’ என்று எழுதினேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் விடுமுறைக்குப் பிறகு அவன் கை தூக்குவது நின்றுபோனது. மே மாதப் பெற்றோர் சந்திப்பில் அவன் அம்மா சொன்னார்: “வீட்டுல பேசிக்கிட்டேதான் இருப்பான் டீச்சர். இங்க வந்து இங்கிலீஷ்தான் கஷ்டமா இருக்கும்னு நினைச்சோம். ‘எனக்குத் தமிழும் வரலைம்மா’ங்கறான்.”

அந்த ஒரு வரி என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. கல்வி அமைச்சு அனைத்துலக மாணவர்களுக்கு நடத்தும் சேர்க்கைத் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும்தான் சோதிக்கப்படுகின்றன. அவற்றுக்காகப் பல மாதங்கள் படித்துவிட்டு வரும் பிள்ளைக்குத் தயாரிப்பே தேவைப்படாத பாடம் தமிழ். அவன் தைரியமாக நிற்கக்கூடிய அந்த ஓர் இடத்தையும் நான் பறித்துவிட்டேனோ என்று தோன்றியது.

பண்பாட்டு அதிர்ச்சி என்றால் என்ன?

வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு ஏற்படும் இந்தத் தடுமாற்றத்தைப் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்கிறோம். மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையால் இச்சொல் பரவலாக அறியப்பட்டது. ஒருவர் பொருந்திப்போவதை அவர் நான்கு கட்டங்களாகப் பிரித்தார்.

1. தேனிலவுக் கட்டம்: எல்லாம் புதுமை, எல்லாம் அழகு.
2. நெருக்கடிக் கட்டம்: சின்னச் சின்ன விஷயங்களில் தடுமாற்றம், எரிச்சல், ஊர் நினைப்பு.
3. மீட்சிக் கட்டம்: மொழியும் வழக்கமும் பிடிபடத் தொடங்கும்.
4. பொருந்திய கட்டம்: புதிய இடமும் நம் இடமாகிவிடும்.

இதற்கு முன்பே, 1955இல், நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவுக்குப் படிக்கவும் ஆராயவும் சென்று திரும்பிய நார்வே நாட்டவரை ஆராய்ந்திருந்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலாகவோ தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே பொருந்திப்போகச் சிரமப்பட்டார்கள் என்று அவர் கண்டார். ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் இந்த வளைவு எல்லாருக்கும் இப்படியே அமையாது என்று பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. முதல் வாரத்தில் நாம் புதிய மாணவனை நன்றாகவே கவனித்துக்கொள்கிறோம். அவனுக்கு நம் கவனம் கூடுதலாகத் தேவைப்படுவதோ சில மாதங்கள் கழித்து, “இவன் பழகிட்டான்” என்று நாம் விட்டுவிடும் நேரத்தில்.

ஓபர்க் சொல்லும் காரணமும் முக்கியமானது. ஊரில் நாம் யோசிக்காமலேயே பயன்படுத்தும் நூற்றுக்கணக்கான சிறு அடையாளங்கள் புதிய இடத்தில் செல்லாமல் போகின்றன. பெரிய வேறுபாடுகளைவிட இந்தச் சிறு இழப்புகளே ஆளைக் களைப்படைய வைக்கின்றன.

உணவங்காடி நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். மேசையில் ஒரு சிறு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்தில் ஆள் உண்டு என்று பொருள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும்; 2021 செப்டம்பர் முதல் இந்த விதி கண்டிப்பாகவே நடைமுறைப்படுத்தப்படுகிறது. கடைக்காரர் எந்த இனத்தவராக இருந்தாலும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடலாம். ‘கோப்பி ஓ’ கேட்டால் பால் இருக்காது, சீனி இருக்கும். இங்கே பிறந்த நமக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. புதிதாக வந்தவரோ ஒவ்வொன்றையும் தடுமாறித்தான் கற்கிறார்.

ஒரே மொழி, வேறு சொற்கள்

மொழி ஒன்றாக இருந்தால் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் எதிர்பாராத தடுமாற்றம் வருகிறது. வேறு மொழி என்றால் புரியாது என்று முன்கூட்டியே தெரியும். சொந்த மொழியே புரியாமல் போகும்போது சந்தேகம் தன்மீதே திரும்புகிறது. வகுப்பில் பயன்படும் சில சொற்கள்:

இங்கே ‘வெள்ளி’ – அங்கே ‘டாலர்’
இங்கே ‘விழுக்காடு’ – அங்கே பெரும்பாலும் ‘சதவீதம்’
இங்கே ‘அமைச்சு’ – அங்கே ‘அமைச்சகம்’
இங்கே ‘அனைத்துலக’ – அங்கே ‘சர்வதேச’, ‘பன்னாட்டு’
இங்கே ‘துணைப்பாட வகுப்பு’ – அங்கே ‘டியூஷன்’
இங்கே ‘உயர்நிலை மூன்று’ – அங்கே ‘ஒன்பதாம் வகுப்பு’
இங்கே ‘பசியாறுதல்’ – அங்கே ‘டிபன் சாப்பிடுவது’

இவற்றில் எதுவும் பிழையில்லை. ‘விழுக்காடு’ எப்படி நல்ல தமிழோ, அப்படித்தான் ‘பன்னாட்டு’ என்பதும். பிழை வேறு, வழக்கு வேறு. இந்த வேறுபாட்டை நான் அந்தச் சிவப்பு மையில் காட்டவில்லை.

ஜூன் விடுமுறைக்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தேன். எழுத்துப் பிழை, இலக்கணப் பிழைகளுக்கு மட்டும் சிவப்பு மை. வழக்கு வேறுபாடு என்றால் ஓரத்தில் பென்சிலால் “இங்கே: விழுக்காடு” என்று ஒரு குறிப்பு மட்டும். இரண்டாவதாக, வெண்பலகையில் ‘அங்கே – இங்கே’ என்று இரண்டு பத்திகள் வரைந்து, எல்லாரையும் நிரப்பச் சொன்னேன். ‘பசியாறுதல்’ வந்தபோது ஒரு மாணவி, “எங்க நன்னிமா நாகூர்லேருந்து வந்தவங்க, அவங்களும் இப்படித்தான் சொல்வாங்க” என்றாள். தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் இச்சொல் இன்றும் புழங்குகிறது. ‘இங்கே’ என்று நாங்கள் எழுதிய சொல் ‘அங்கேயும்’ இருந்தது. “அப்ப இது எங்க ஊர்ச் சொல்லும்தான்” என்றான் அவன். பல வாரங்களுக்குப் பிறகு அவன் தானாகப் பேசியது அன்றைக்குத்தான். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பருவம் முடிவதற்குள் அவன் மறுபடியும் கை தூக்கத் தொடங்கினான்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

இத்தலைப்பில் பலரும், “அவர்கள் நம் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி விடைதான். உங்கள் கருத்தை விரிவுபடுத்த மூன்று வழிகள்:

ஒன்று, யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தெளிவுபடுத்துங்கள். குடும்பத்தோடு வரும் நிபுணரின் நிலை வேறு. ‘வொர்க் பெர்மிட்’டில் வந்து, குடும்பத்தை அழைத்து வர முடியாமல், தங்கும் விடுதியில் வாழும் கட்டுமான ஊழியரின் நிலை வேறு.

இரண்டு, பொருந்திப்போவதில் பல வகை உண்டு என்று காட்டுங்கள். உளவியலாளர் ஜான் பெர்ரி நான்கு வகை சொல்கிறார். தன் பண்பாட்டையும் காத்துப் புதியதையும் ஏற்பது ஒருங்கிணைதல். தன்னுடையதை விட்டுவிட்டுப் புதியதில் கரைவது இரண்டாவது. தன்னவர்களோடு மட்டும் ஒதுங்கி வாழ்வது மூன்றாவது. இரண்டிலும் ஒட்டாமல் தனித்துப்போவது நான்காவது. ஒருவர் எந்த வழியில் போகிறார் என்பது அவர் கையில் மட்டும் இல்லை. சுற்றியிருப்பவர்கள் இடம் கொடுக்கிறார்களா என்பதையும் பொறுத்தது.

மூன்று, பொதுவாகச் சொல்லாமல் நீங்கள் கண்ட ஒரு சிறு நிகழ்வைச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் இயல்பான பேச்சுத்தமிழில் இப்படிப் பேசலாம்:

“என் வகுப்புல புதுசா ஒரு நண்பர் சேர்ந்தாரு. அவர் பேசுற தமிழ் கொஞ்சம் வித்தியாசமா இருந்ததால சிலபேர் சிரிச்சாங்க. அதனால அவர் பேசுறதையே குறைச்சுக்கிட்டாரு. புதுசா வர்றவங்க நம்ம பழக்கத்தைக் கத்துக்கணும்தான். ஆனா நாமளும் சிரிக்காம, ‘உங்க ஊர்ல இதை எப்படிச் சொல்வீங்க?’ன்னு கேட்கலாம். அப்படிக் கேட்டா அவங்க தயங்காம பேசுவாங்க, நமக்கும் ஒரு புதுச் சொல் கிடைக்கும்.”

இதில் நிகழ்வு, காரணம், விளைவு, இருதரப்புப் பொறுப்பு நான்குமே வந்துவிடுகின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

புதிய மாணவர் சேர்ந்த நாளை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்றாவது மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் அவரைத் தனியாக அழைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். “எப்படி இருக்கே?” என்றால் “நல்லா இருக்கேன் டீச்சர்” என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, “இங்க கேட்டதுல எந்தத் தமிழ்ச் சொல் உனக்குப் புதுசா இருந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து பேச்சு தானாக வளரும்.